இன்மை அறிக்கை

காலாண்டுக்கு ஒருமுறை அந்தப் படிவம் வரும்,
பாலக்கோடு தாலுகா ஆபீஸ், அ பிரிவுக்கு.
ஒன்பதாவது பத்தி:
பாலினம், பாலீர்ப்பு வகையில் சிறுபான்மையான
பணியாளர் எண்ணிக்கை.
நிரப்பி அனுப்புவது என் வேலை.
ஆறு வருடமாக 'இன்மை' என்று எழுதி
ஓரத்தில் சுருக்கொப்பம் வைக்கிறேன்.

இருப்பதை இல்லையென்று எழுதினால்
கை நடுங்கும் என்பார்கள்.
நடுங்கவில்லை.
ஓடையில் ஆக்கிரமிப்பு இல்லை,
மனு ஏதும் நிலுவையில் இல்லை என்று
எழுதிப் பழகிய கை.

மதியம் மாதையன் போன் செய்வான்.
ராயக்கோட்டை மண்டியில் தக்காளிப் பெட்டி
என்ன விலைக்குப் போனது என்று
லாரிச் சத்தத்துக்கு மேல் கத்துவான்.
"தம்பியா?" என்பார் எதிர்மேசை சின்னராசு.
தலையாட்டுவேன்.
பதினோரு வருடத் தம்பி.
வைப்புநிதி வாரிசுப் படிவத்தில் மட்டும்
உறவுமுறைக் கட்டத்தில் அந்தச் சொல்லை
எழுத வரவில்லை.
செத்துப்போன அம்மாதான்
இன்னும் அங்கே வாரிசாக நிற்கிறாள்.

ஆடியில் ருத்ராணி வந்தார்,
அரூரிலிருந்து மாறுதலில்.
தட்டச்சர். தலையில் கனகாம்பரம்,
கையில் நாலு அடுக்கு கேரியர்.
முதல் வாரம் யாரும்
அவர் என்றும் சொல்லவில்லை, அவள் என்றும் இல்லை.
"வந்தாச்சா?" "அடிச்சாச்சா?" "கிளம்பியாச்சா?"
ஆளே இல்லாமல் வினைச்சொற்கள்
ஆபீஸ் முழுக்க நடமாடின.

பெண்கள் கழிப்பறைச் சாவி பச்சையம்மாவிடம் இருக்கும்.
மூன்றாம் நாள் இன்னொரு சாவி வெட்டி வந்து
ருத்ராணி மேசையில் போட்டார்.
"யார்கிட்டயும் கேட்டு நிக்க வேணாம் கண்ணு.
இருவது ரூவாதான்."
அதற்குக் குழு எதுவும் கூடவில்லை.

பணிப் பதிவேட்டில் பழைய பெயரைச்
சிவப்பு மையால் அடித்து,
அரசிதழ் எண், நாள் குறித்து,
புதுப் பெயரை நான்தான் எழுதினேன்.
பக்கத்திலேயே நின்று பார்த்தார்.
"மூணு சுழி 'ணி' சார், சரியாப் போடுங்க.
இதுக்கு ஏழு வருசம் அலைஞ்சிருக்கேன்."

இந்தக் காலாண்டில்
ஒன்பதாவது பத்தியில் 1 என்று போட்டேன்.
அடிப்பதற்கு வாங்கியவர்
படித்தார், என்னைப் பார்த்தார்,
தாளை என் பக்கமே திருப்பி வைத்தார்.
"கூட்டல் சரியான்னு
ஒருதரம் பாத்துக்குங்க சார்."
அவ்வளவுதான்.
மண்டி விலை அவருக்கும்
கேட்டுக்கொண்டுதானே இருந்திருக்கும்.

ராத்திரி மாதையனிடம் சொன்னேன்.
களி கிண்டிக்கொண்டிருந்தவன் திரும்பவில்லை.
"பேரு கேக்கறாங்களா, எண்ணிக்கை மட்டுமா?"
எண்ணிக்கை மட்டும்தான்.
"அப்ப நான் எதுல வருவேன்?"

எதிலும் வரமாட்டான்.
சம்பளப் பட்டியலில் இல்லாதவனுக்குப்
பத்தியும் இல்லை.
உருண்டை பிடித்துத் தட்டில் வைத்தான்,
பெரியதை எனக்கு.
கையில் தக்காளிச்செடி வாசம்
கழுவியும் போகவில்லை.

காலையில் 2 என்று திருத்தி
கோப்பை மேலே அனுப்பினேன்.
அதன் பிறகு வேலை எதுவும் ஓடவில்லை.
சின்னராசு கேட்ட ஜமாபந்திக் கணக்குக்கு
வேறு வருடத்து ஏட்டைக் கொடுத்தேன்.

நாலரைக்குக் கோப்பு இறங்கி வந்தது.
2ஐச் சுற்றிப் பச்சை மையில் வட்டம்.
பக்கத்தில் தாசில்தார் மேடத்தின் சாய்ந்த கையெழுத்தில்
ஒரே சொல்:
'பேசவும்.'

எத்தனையோ கோப்புகளில் பார்த்த சொல்தான்.
பட்டாவுக்கும் பாதைத் தகராறுக்கும்
எழுந்து போய்ப் பேசிவிட்டு வந்திருக்கிறேன்.
ருத்ராணியின் விசைப்பலகை நின்றுவிட்டது.
நாற்காலியைத் தள்ளுகிறேன்,
அது ஆபீஸுக்கே கேட்கும்படி கிறீச்சிடுகிறது.

மேசைமேல் போன் அடிக்கிறது.
இந்த நேரத்துக்கு அழைக்கவே மாட்டான்.

"தம்பியா?" என்கிறார் சின்னராசு.